உஷார்! உங்கள் ஹாலில் ஒரு சிவப்பு செத்துக்கொண்டிருக்கிறது

சோபாவுக்கு மேலே ஆளுயரத்துக்கு ஒரு படம். மேல் பாதி காவி, கீழ்ப் பாதி ரத்தச் சிவப்பு, இரண்டும் சேரும் இடத்தில் ஓரம் கலைந்த ஒரு புகைமூட்டம். அவ்வளவுதான். ஆள் இல்லை, மரம் இல்லை, மயில் இல்லை. புதிதாகக் குடிபோகும் அடுக்குமாடி வீடுகளில் இது இப்போது கிட்டத்தட்டச் சடங்காகிவிட்டது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இன்டீரியர் டிசைனர் இப்படி ஒன்றை மாட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறார். எனக்கு வண்ணப்பரப்பு ஓவியம் எனப்படும் இந்த வகை மேல் கொள்ளைப் பிரியம். அதனால்தான் இந்தப் பதற்றம். ஏனென்றால் அந்தப் படத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சுவர் பெரும்பாலும் பால்கனிக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. வீட்டிலேயே வெளிச்சம் அதிகம் கொட்டும் சுவர். “அங்கதான் எடுப்பா தெரியும்” என்கிறார்கள். தெரியும். எத்தனை நாளைக்கு?

சலூன் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஹேர்ஸ்டைல் படங்களைப் பாருங்கள். டீக்கடை வாசலில் வருடக்கணக்கில் தொங்கும் சாமி படத்தைப் பாருங்கள். எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். அச்சில் நான்கு மைகள்: நீலப்பச்சையான சயான், ஊதா கலந்த சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்ச் சேரும். சயானும் கறுப்பும் கெட்டி உயிர், தாக்குப்பிடிக்கும். சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து உண்டாவது, ஆரஞ்சும் காவியும் அப்படியே. ஆக வெயில் முதலில் கொல்லும் இரண்டையும் நம்பித்தான் உங்கள் சோபாவுக்கு மேலே இருக்கும் படம் முழுவதும் நிற்கிறது.

சாமி படம் நீலமானாலும் முருகன் முருகன்தான். வேல் இருக்கிறது, மயில் இருக்கிறது, அடையாளம் தெரிகிறது, கும்பிடலாம். தாத்தாவின் கல்யாண போட்டோ வெளுத்தாலும் தாத்தாவின் மீசை அங்கேயே இருக்கும். வண்ணப்பரப்பு ஓவியத்தில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. உருவத்தை, கதையை, கோட்டை எல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நிறத்தை மட்டும் நம்பி நின்ற ஓவியம் அது. மார்க் ரோத்கோ, பார்னெட் நியூமன் என்ற ஓவியர்கள் 1940-களின் கடைசியில் நியூயார்க்கில் அந்த முடிவை எடுத்தார்கள். ஒரு சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பை வைத்தால் பார்ப்பவரின் நெஞ்சில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த இரண்டு சிவப்பில் ஒன்று வெளுத்துவிட்டால் ‘கொஞ்சம் மங்கிய ரோத்கோ’ என்று ஒன்று மிஞ்சாது. அங்கே படமே இல்லை, சாயம் போன ஒரு காகிதம்தான் இருக்கிறது.

இதெல்லாம் மலிவு போஸ்டர்களுக்கு நடப்பது, நல்ல ஓவியத்துக்கு நடக்காது என்று நினைப்பவர்களுக்காக ஹார்வர்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1960-களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புதிதாக ஹோலியோக் சென்டர் என்ற கட்டடத்தைக் கட்டியது. அதன் பத்தாவது மாடியில் விருந்து நடத்தும் அறை. அந்த அறைக்காக ரோத்கோ பெரிய பெரிய கேன்வாஸ்களில் ஓவியங்கள் தீட்டினார். 1964-ல் ஐந்து ஓவியங்கள் அங்கே மாட்டப்பட்டன. ஆழ்ந்த கருஞ்சிவப்பு, நாவல்பழ நிறம், அதன்மேல் வாசல்களைப் போல எழும் வடிவங்கள். அறையிலோ தரையிலிருந்து கூரை வரை ஜன்னல்கள். திரைச்சீலைகள் மூடியே இருக்க வேண்டும் என்பது ரோத்கோவின் விருப்பம். ஆனால் பத்தாவது மாடிக்குச் சாப்பிட வந்தவர்கள் வெளியே காட்சி பார்க்காமல் இருப்பார்களா? திரை விலகியே கிடந்தது. வெயில் உள்ளே வந்தது. விருந்தில் நாற்காலி இடித்தது, சாப்பாடு தெறித்தது, கீறல் விழுந்தது. அதெல்லாம் தனிக் கதை. வெளிச்சம் செய்ததுதான் பெரிய கொலை. சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்து சில இடங்களில் வெளிர்நீலம் ஆனது. அதுவும் ஒரே சீராக இல்லை. ஒவ்வொரு ஓவியமும் ஒவ்வொரு அளவுக்கு. ஐந்தும் சேர்ந்து ஒரே அறையாகப் பேச வேண்டியவை, ஐந்து வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகளாகிவிட்டன. 1979-க்குள் அத்தனையையும் கழற்றி இருட்டுக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். பதினைந்தே ஆண்டுகள்!

குற்றவாளி யார் என்று ஆராய்ந்தபோது ஒரு பெயர் வந்தது: லித்தால் ரெட். ரோத்கோ தன் சாயங்களைத் தானே கலந்துகொள்பவர். தூள் நிறமிகளை வாங்கி, பிசின்களோடும் முட்டையோடும்கூடச் சேர்த்துப் பார்ப்பவர். அந்தக் கருஞ்சிவப்புக்காக அவர் எடுத்தது லித்தால் ரெட். அச்சு மைக்காகப் பெருமளவில் பயன்பட்ட, விலை மலிந்த செயற்கைச் சிவப்பு. பார்க்க அப்படியொரு அழகு. வெளிச்சத்துக்கு ஆகவே ஆகாது. அதோடு கலந்திருந்த அல்ட்ரமரின் நீலம் அசையாமல் நின்றது, சிவப்பு மட்டும் விலகிப் போனது. சலூன் வாசல் போஸ்டருக்கு நடக்கும் அதே காரியம்தான் இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஓவியர்களில் ஒருவருக்கும் நடந்திருக்கிறது. வெயிலுக்குக் கையெழுத்து யாருடையது என்று பார்க்கத் தெரியாது.

சரி, தொட்டுத் திருத்தியிருக்கலாமே? முடியாது. ரோத்கோ அந்த ஓவியங்களுக்கு வார்னிஷ் பூசவில்லை. வார்னிஷ் இருந்தால் அதன்மேல் சாயம் வைத்துத் திருத்தலாம், வேண்டாமென்றால் துடைத்து எடுத்துவிடலாம். அது இல்லாத இடத்தில் தூரிகை வைத்தால் ஓவியத்தின் உடம்பிலேயே வைத்ததாகும். கடைசியில் ஹார்வர்டின் பாதுகாப்பு விஞ்ஞானி நாராயண் காண்டேகர் குழுவும் எம்.ஐ.டி.யின் மீடியா லேபும் பாசல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். 1964-ல் எடுத்த கலர் பிலிம்களைத் தேடி எடுத்தார்கள். அந்தப் பிலிம்களே வெளுத்திருந்தன என்பது இதில் வேடிக்கை! முதலில் அவற்றின் நிறத்தை மீட்டு, ஓவியம் அன்று எப்படி இருந்தது என்று கணக்கிட்டு, எங்கெங்கே எவ்வளவு சிவப்பு குறைகிறதோ அவ்வளவை புரொஜெக்டர் வழியே ஒளியாக ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. 2014 நவம்பரில் காட்சிக்குத் திறந்தார்கள். தினமும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டர் விளக்கை அணைத்தார்கள். ஒரு நொடியில் சிவப்பு மறைந்து வெளுத்த உண்மை முகம் தெரிந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் காத்து நின்றது. உங்கள் ஹாலுக்கு எம்.ஐ.டி. வராது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். காகிதத்தில் இருக்கும் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு சுமார் 50 லக்ஸ். உள்ளே நுழைந்ததும் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகுமே, அந்த மங்கல் கஞ்சத்தனத்தால் வந்ததில்லை. வெட்டவெளியில் நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னல் கண்ணாடியில் கொஞ்சம் வடிகட்டி, சுவரில் சாய்வாக விழுவதால் இன்னும் குறைத்து, பாதியாகவே வைத்துக்கொள்வோம்: 50,000. சேதம் என்பது வெளிச்சத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவது. அருங்காட்சியகத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 50 லக்ஸ்: 400. உங்கள் சுவரில் ஒரே ஒரு மணி நேரம் நேர் வெயில்: 50,000. வகுத்துப் பாருங்கள், 125 நாள். காலை டிபன் முடித்து நீங்கள் பாத்திரம் ஒதுக்கி வைப்பதற்குள் உங்கள் படம் நான்கு மாதக் கண்காட்சியை முடித்துவிடுகிறது! அருங்காட்சியகங்களோ அந்த 50 லக்ஸிலும் சில மாதம் மாட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டுப் பெட்டியில் படுக்க வைக்கிறார்கள். பெட்டியில் வைத்தால் போன நிறம் திரும்பி வராது. மேற்கொண்டு போகாது, அவ்வளவே.

அடுத்து விற்பவர் சொல்லும் அந்த மந்திரம்: “சார், 100 வருஷம் கியாரண்டி இங்க்.” இது முழுப் பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. அமெரிக்காவில் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் என்ற ஆய்வகம் பிரிண்டர் மைகளைச் சோதித்து ஆயுள் கணிக்கிறது. அவர்களுடைய கணக்கு, கண்ணாடி போட்ட படம், 450 லக்ஸ் வெளிச்சம், நாளுக்கு 12 மணி நேரம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்ற நிபந்தனையில் போடப்பட்டது. அதாவது நாளுக்கு 5,400. மேலே சொன்ன ஒரு மணி நேர வெயிலைச் சேர்த்தால் 55,400. பத்து மடங்கு. கியாரண்டிக்காரர் கணக்கையே நம்பினாலும் 100 வருஷம் 10 வருஷமாகிறது. சென்னையின் ஈரப்பதத்தையும் மே மாதச் சூட்டையும் நான் இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை. அதுவும் நல்ல பிக்மென்ட் இங்க்குக்கு. டை இங்க்கில் அடித்த மலிவு பிரிண்ட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுவதே வீண். டை என்பது கரைந்த சாயம். ஒவ்வொரு மூலக்கூறும் வெளிச்சத்தின் முன் தனியாக நிற்கும். பிக்மென்ட் திடத் துகள். மேல்தோல் அடிபட்டாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் தப்பும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “டையா, பிக்மென்ட்டா?” அவர் விழித்தால், டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“யு.வி. கண்ணாடி போட்டுட்டேன், கவலையில்லை” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ நல்லதுதான், போடுங்கள். அது பெரிய ரவுடியை வாசலில் நிறுத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் சாயத்தை அரிக்கத்தான் செய்கிறது. அதையும் தடுத்தால் படமே தெரியாது. எல்.இ.டி. விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. ஆனாலும் படத்துக்கு மேலே ஃபோகஸ் லைட் வைத்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை எரியவிடுவது எதற்கு? யாரும் பார்க்காத நேரத்தில் யாருக்குக் காட்சி?

வெயிலுக்கு அடுத்த வில்லன், சங்கடத்தோடு சொல்கிறேன், ஃபிரேம் போடும் கடை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தலைமுறையாகச் சாமி படத்துக்கும் பட்டமளிப்பு போட்டோவுக்கும் ஃபிரேம் போட்ட கை அது. அந்தப் பழக்கத்தில் பிரிண்ட்டைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து, ஆணி அடித்து, காக்கித் தாள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். சில படங்களுக்குச் சுற்றிலும் மவுண்ட் அட்டை வைப்பதும் உண்டு. வண்ணப்பரப்புப் படத்துக்கு மட்டும் “ஓரம் வரைக்கும் கலர் வரணும்” என்று நாமே கேட்டு மவுண்ட்டைத் தவிர்த்துவிடுகிறோம். மவுண்ட் அலங்காரத்துக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வைப்பது. இடைவெளி இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும், மை கண்ணாடியோடு ஒட்டும், பளபளவென்று தீவு தீவாகத் திட்டுகள் தெரியும். பிரித்தால் சாயம் கண்ணாடியோடு உரிந்து வரும். பிறகு பூசணம். மவுண்ட் வேண்டாம் என்றால் ஃபிரேமின் உள்விளிம்பில் மறைவாக ஒரு ஸ்பேசர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்பார்தான் இல்லை.

மவுண்ட் வைத்தாலும் எந்த அட்டை என்று பார்க்க வேண்டும். மலிவு அட்டையில் அமிலம் இருக்கும். சில வருடங்களில் படத்தைச் சுற்றி டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு விழும். அந்த எரிச்சல் காகிதத்துக்குள் இறங்கினால் போகாது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பின்னட்டைக்கும் அதையே. செலோடேப் வேண்டவே வேண்டாம். பிசின் காய்ந்து மஞ்சளாகி முன்பக்கம் வரை ஊறும். மைதாப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்துச் சாப்பாடு. காகிதத்தின் மேல் ஓரத்தில் மட்டும், அமிலமில்லாத தாள் கீலில் தொங்கவிட்டால் போதும். நாலா பக்கமும் இறுக்கி ஒட்டினால் ஈரத்தில் விரியும் காகிதத்துக்குப் போக இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். நிலக்காட்சிப் படத்தில் அந்த அலையை யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்றடிக்குப் பரந்த ஒரே சிவப்பில் அது தகரக் கூரை போலத் தெரியும்.

இந்தப் படங்களோடு வாழ்வதில் உள்ள கஷ்டமே இதுதான். ஒரு கைரேகை, ஒரு நகக்கீறல், ஒரு கொசு அடித்த கறை, எதுவும் ஒளிய இடமில்லை. மேட் காகிதத்தில் அடித்த அடர்நிறத்தை விரலால் லேசாகத் தேய்த்தாலே அந்த இடம் பளபளத்துவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஸ்கெட்ச் பேனாவை எடுக்கும் குடும்ப உறுப்பினரை உடனே தடுத்து நிறுத்துங்கள். நிபுணர்களே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில், ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமான பார்னெட் நியூமனின் சிவப்பு ஓவியம் ஒன்றை 1986-ல் ஒருவன் கத்தியால் கிழித்தான். பழுதுபார்க்க நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 1991-ல் திரும்பி வந்தபோது, கிழிசல் மறைந்திருந்தது; கூடவே அந்தச் சிவப்பின் உயிரும் மறைந்துவிட்டது என்று விமரிசகர்கள் கொதித்தார்கள். ரோலர் வைத்துச் சுவர் பெயின்ட் அடித்ததுபோல ஆக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து வழக்கு வரை போனது. 2025-ல் ராட்டர்டாமில் ஒரு குழந்தை ரோத்கோ ஓவியத்தின் அடிப்பகுதியில் கீறியதும் செய்தியானது. வார்னிஷ் இல்லாத பரப்பு, சின்னக் கீறலும் பெரிய விவகாரம்.

துடைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகிக்கு முந்தின வாரம்தான் வீட்டுப் படங்களுக்கு அதிக ஆபத்து. ஸ்ப்ரேயை நேராகக் கண்ணாடியில் அடித்தால் திரவம் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, காகிதத்தின் அடி ஓரத்தில் ஏறி உட்காரும். துணியில் அடித்து, பிறகு துடைக்க வேண்டும். அக்ரிலிக் என்றால் அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரே ஆகாது, பனி மூடியதுபோல் மங்கிவிடும். கண்ணாடியே இல்லாமல் தொங்கும் கேன்வாஸ் பிரிண்ட்டில் ஈரத்துணி வைக்கவே வைக்காதீர்கள். அதைச் சமையலறைக்கு எதிரேயும் மாட்டாதீர்கள். தாளிக்கும் எண்ணெய்ப்புகையும் சாம்பிராணியும் படிந்தால் எடுக்க வழியில்லை.

எந்தச் சுவர் என்பதில் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. மழைக்கு நனையும் வெளிச்சுவரின் உட்பக்கம், குளியலறையின் மறுபக்கம், ஓதம் ஏறி பெயின்ட் பொரியும் சுவர், இவை மூன்றும் கூடாது. வேறு சுவரே இல்லை என்றால் ஃபிரேமின் பின்புறக் கீழ் மூலைகளில் கார்க் துண்டோ ரப்பர் பொத்தானோ ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். கரையான் முன்பக்கமாக வந்து அறிமுகம் செய்துகொள்ளாது.

எடை! இதை நினைத்தால்தான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது. மூன்றடிக்கு நாலடி படம், நாலு மில்லிமீட்டர் கண்ணாடி. கண்ணாடி மட்டும் 11 கிலோ. சட்டமும் ஹார்ட்போர்டும் தனி. இதைச் சுவர்ப் பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் ஒற்றை ஆணியில், நைலான் கயிற்றில், சோபாவில் உட்காரும் ஆட்களின் தலைக்கு நேர் மேலே தொங்கவிடுகிறோம். சில வீடுகளில் குழந்தைக் கட்டிலுக்கு மேலே! ஒட்டும் கொக்கிகளில் பெரிய படம் மாட்டும் விளம்பரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் ஊர் டிஸ்டெம்பர் சுவரில் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், பெயின்ட்தான் உரிந்து வரும். டிரில் போட்டு, செங்கல் வரை இறங்கும் ரால் பிளக், அதில் ஸ்குரூ, இரண்டு இடத்தில். கயிற்றுக்குப் பதில் கம்பி. தலைக்கு மேலே வருவதென்றால் கண்ணாடியை விட்டுவிட்டு அக்ரிலிக் போடுங்கள்; எடை பாதிக்கும் கீழே, உடைந்தாலும் கத்தியாகச் சிதறாது.

பணம் போகும் வழியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘லிமிடெட் எடிஷன், 12/100’ என்று பென்சிலில் எழுதிய ரோத்கோ பிரிண்ட் விற்கிறார்கள். ரோத்கோ 1970-ல் இறந்துவிட்டார். இன்றைய இங்க்ஜெட் பிரதியில் அந்த எண்ணுக்கு அவர் சாட்சியில்லை. அது போஸ்டர், போஸ்டர் விலை கொடுங்கள், சந்தோஷமாக மாட்டுங்கள். ஓவியரே அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து உருவாக்கிய அச்சுப் படைப்பு என்பது வேறு சாதி. ஹெலன் ஃபிராங்கன்தாலர் 2000-ல் செய்த ‘மேடம் பட்டர்ஃபிளை’ மரச்செதுக்கு அச்சுக்கு 46 பலகைகள், 102 நிறங்கள். அப்படிப்பட்டதற்கும் உங்கள் தெருமுனை ‘எடிஷனுக்கும்’ சம்பந்தமில்லை. அசல் ஓவியமே வாங்கும் வசதி உள்ளவர்களுக்கும் நிம்மதியில்லை. 1846-ல் தொடங்கிய நியூயார்க்கின் நோட்லர் கேலரி பல ஆண்டுகளாகப் ரோத்கோ, பொல்லாக் போன்ற ஓவியர்கள் பெயரில் போலிகளை விற்றது வெளிவந்து, 2011-ல் மூடிப்போனது. அவற்றில் ஒரு ‘ரோத்கோ’வுக்கு ஒரு தம்பதி 2004-ல் கொடுத்தது 83 லட்சம் டாலர். அதையெல்லாம் வரைந்தது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தன் வீட்டிலிருந்த ஒரு சீன ஓவியர். இங்கே டெல்லியில் 2009-ல் ஓவியர் எஸ்.எச். ரஸா தன் பெயரில் நடந்த கண்காட்சிக்கே வந்து, சுவரில் இருந்தவற்றில் பல தான் வரைந்தவையே அல்ல என்று கண்டார். வண்ணம் மட்டும் இருப்பதால் சுலபமாகப் போலி செய்யலாம் என்ற நினைப்பு எல்லா ஊரிலும் உண்டு.

இவ்வளவும் படித்துவிட்டுப் படத்தைக் கழற்றி பீரோவில் பூட்டிவிடாதீர்கள். பரணில் சுருட்டிப் போடுவதும் தீர்வில்லை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் பரணென்றால் சொல்லவே வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத காரியம். பகலில் அந்தச் சுவரின் முன் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, ஒரு அடி தள்ளி உங்கள் கையை நீட்டுங்கள். கை நிழலின் ஓரம் கத்திபோல் கூர்மையாக விழுந்தால் அங்கே வெளிச்சம் மிக அதிகம். நிழல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் நல்ல இடம். போனிலேயே லக்ஸ் காட்டும் செயலிகள் உண்டு, துல்லியமில்லை என்றாலும் ஆயிரமா ஐம்பதா என்று சொல்லும். ஏற்கெனவே வருடங்களாகத் தொங்கும் படமென்றால் ஃபிரேமைப் பிரித்து, சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தைப் பாருங்கள். அந்த விரற்கடை அகலம் வெளிச்சம் படாதது. அதற்கும் மற்ற பரப்புக்கும் நடுவே கோடு தெரிந்தால் எவ்வளவு போயிருக்கிறது என்பது புரியும்.

புதிதாக வாங்குகிறீர்களா? பிரிண்ட் போடுபவரிடம் அதே மையில், அதே காகிதத்தில் ஒரு சிறு பட்டை கேட்டு வாங்குங்கள். பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்த்து ஒட்டிவிடுங்கள். கோடை முடிந்து பிரித்துப் பார்த்தால் கியாரண்டிக்காரர் வாய்க்கு வேலையே இருக்காது. அசல் ஃபைலும் கையில் இருக்கட்டும். நிறம் போனபின் ‘ரெஸ்டோர் பண்ணித் தரேன்’ என்று வருபவர் எதையும் மீட்கப் போவதில்லை, புதிதாக ஒன்று அச்சடிப்பார். அதை நீங்களே குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் படங்களை நிழலான நடைபாதைக்கும் உள்ளறைக்கும் கொடுங்கள். வெளிச்சமான சுவர் கட்டாயம் நிரம்ப வேண்டுமென்றால் நீலத்தையும் கறுப்பையும் நம்பிய படத்தை அங்கே வையுங்கள், அதுவும் பிக்மென்ட் இங்க்கில். இரண்டு மூன்று படங்கள் இருந்தால் மாற்றி மாற்றி மாட்டுங்கள். நம் ஊரில் வெயில் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்து வடக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும், மார்கழியில் தெற்கே போய்த் தெற்கு ஜன்னல் வழியே ஹாலுக்குள் ஆழமாக நுழையும். இன்று நிழல் தெரியவில்லை என்று நீங்கள் முடிவு கட்டும் சுவரை இன்னும் ஆறு மாதம் கழித்து அதே வெள்ளைத் தாளோடு மறுபடி சோதியுங்கள். டிரில்காரர் வரும்போது எதிர்ச் சுவரிலும் சேர்த்து ஓட்டை போடச் சொல்லிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.